மருமகன் பூட்டிய வெள்ளை லைற்

என் காரை யாராவது திருத்தினால் நான் கோபிக்கமாட்டேன். திருத்துவது என்றால் பழுதானதைச் சரிப்படுத்துவது. என் மருமகன் செய்தது அதுவல்ல. பழுதில்லாத காரை அவர் மேம்படுத்தினார். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை வாசல் படலையிலேயே நிறுத்திவிட வேண்டும். எனக்கு அந்த வசதி இருக்கவில்லை, ஏனென்றால் படலை அவர் பக்கம் போய்விட்டது. மன்னார் ரவுணில் நான் கட்டிய வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தேன். உறுதிப் பத்திரத்தின் வரைவை நானே எழுதினேன். நொத்தாரிசு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அதன்படி எனக்கும் மனைவிக்கும் உயிருள்ளவரை முன்னறையிலும் விறாந்தையிலும் இருக்க உரிமை உண்டு. மருமகனைச் சகித்துக்கொள்ளும் கடமை பற்றி அதில் எதுவும் இல்லை.

கார் மட்டும் என் பெயரில் இருந்தது. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து, கடைசியில் பிரதம இலிகிதராக இருந்தபோது பெர்மிட்டில் எடுத்த யப்பான் கார். வெள்ளை நிறம். கம்பனி எப்படி அனுப்பியதோ அப்படியே பத்து வருடம் வைத்திருந்தேன். கடற்காற்று தின்னாமல் இருக்க ஞாயிறு பூசைக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவேன். அதற்கு மேல் ஒரு காருக்கு என்ன வேண்டும்?

மருமகனிடம் கேட்டால் ஒரு பட்டியலே சொல்வார். அவருக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாகன உதிரிப்பாகக் கடை. நாட்டில் சண்டை முடிந்து, புதுப் பாலம் வந்து, வீதிகளுக்குக் காப்பற் தார் போட்டபின் ஊரில் வாகனங்கள் பெருகின. அதனால் கடையும் பெருகியது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சாமானை மன்னார்ச் சனம் வாங்காது, வாகனத்தில் பூட்டிக் காட்டினால்தான் வாங்கும் என்று அவர் கண்டுபிடித்தார். பூட்டிக் காட்ட அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. என்னிடம் ஒரு கார் இருந்தது.

முதலில் சிறுத்தைப் புள்ளி போட்ட சீற் கவர் வந்தது. கலியாணம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன். நான் செய்த முதல் நிர்வாகத் தவறு அது. பிறகு அலோய் றிம்மும் அகலமான ரயரும் வந்தன. அதன் பிறகு, கல்லு ஏற்றிய லொறி மேடு ஏறுவதைப் போலச் சத்தம் போடும் சைலன்சர். பிறகு டிக்கியின் மேல் ஸ்பொய்லர் என்ற ஒரு சிறகு. வேகமாக ஓடும்போது காற்று காரைத் தூக்கிவிடாமல் அது அமத்திப் பிடிக்குமாம். மன்னார் ரவுணில் நாங்கள் ஓடும் வேகத்தில் காற்று எங்களை முந்திக்கொண்டு போகும். ஸ்பொய்லரின் உண்மையான பயனைக் கண்டுபிடித்தது கழுதைதான். எங்கள் வீதிக் கழுதைகளுக்குக் கழுத்து சொறிவதற்குச் சரியான உயரத்தில் அது இருந்தது. பின்னேரங்களில் இரண்டு மூன்று வந்து முறை வைத்துத் தேய்த்துவிட்டுப் போகும். மருமகன் அவற்றைக் கலைப்பதற்காகப் பாட்டுப் போடும் ஹோர்ன் ஒன்றைப் பூட்டினார். கழுதைகள் அதைக் கேட்டுக்கொண்டே சொறிந்தன.

நான் கத்துகிற ஆள் இல்லை. எழுதுகிற ஆள். ஊரெல்லாம் ஷெல் விழுந்த கிழமைகூட, வந்த கடிதத்துக்கு இலக்கம் போடாமல் விட்டதில்லை. எனவே மருமகனுக்கும் எழுதினேன். ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 'எனது இல: வீடு/கார்/01' என்று போட்டு, கார்பன் தாள் வைத்து, பிரதியைக் கோப்பில் கட்டி, மூலத்தை மகளிடம் கொடுத்தனுப்பினேன். பொருள்: அனுமதியின்றி றிம் மாற்றியமை. ரயரின் சுற்றளவு கூடினால் வேக மீற்றர் குறைத்துக் காட்டும், அதனால் நேரக்கூடிய சட்டப் பிரச்சினைகள் இவை இவை என்று மூன்று பந்தி.

மருமகன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார்.

"என்ன மாமா, கச்சேரியில இருந்து கடிதம் வந்திருக்கு?"

"வாசித்துவிட்டுப் பதில் தாரும்," என்றேன்.

"நான் முத்திரை ஒட்டோணுமோ?"

உள்ளே மகள் சிரித்தது எனக்குக் கேட்டது. பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் அவர் யாருக்கோ ரயர் அளவு எழுதிக் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன். இரண்டாம் கடிதம் சைலன்சர் பற்றி, மூன்றாம் கடிதம் ஸ்பொய்லரும் கழுதைகளும் பற்றி. ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் சலிக்கவில்லை. நினைவூட்டல் எழுதுவதில் எனக்கு இருந்த பொறுமையை கச்சேரிக்குத் தலைமை வகித்த மூன்று அரசாங்க அதிபர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் இரண்டாவது எதிரியையும் சொல்லிவிட வேண்டும். அவர் மீன்காரர். முசலிப் பக்கத்து முஸ்லிம் ஆள். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சண்டை முடிந்ததும் ஊர் திரும்பியவர். எல்லோரும் நானா என்பார்கள். விடியக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி கட்டி, ரவுணுக்கு வந்து வீடு வீடாக விற்பார். பின்னேரம் மறுபடியும் ரவுணுக்கு வந்து, அடுத்த நாளுக்கான ஐஸை ஏற்றிக்கொண்டு பொழுதுபட ஊருக்குத் திரும்புவார். எங்கள் படலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கும் எனக்கும் சண்டை. நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பாக இல்லை, கபில நிறமாக இருக்கிறது, இது நேற்றைய மீன் என்பேன்.

"மீன் புதுசு சேர். உங்கட கண்தான் பழசு," என்பார் அவர்.

அதில் உண்மை இருந்ததுதான் எனக்கு எரிச்சல். வலது கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று. இடது கண் காத்திருக்கிறது. பொழுதுபட்டால் கார் ஓட்டக்கூடாது என்று கண் டொக்டர் சொல்லியிருந்தார். இது என் மனைவிக்கும் மகளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விடயமாக இருந்தது.

மருமகன் அதையும் மேம்படுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய தாயும் தகப்பனும் சாப்பிட வந்திருந்த மேசையில், காருக்குப் புது முன்விளக்குப் பூட்டியிருப்பதாக அறிவித்தார். வெள்ளை லைற். பழையதை விட மூன்று மடங்கு வெளிச்சமாம்.

"மாமாவுக்கு இப்ப பின்னேரத்தில கண் தெரியிறேல்லை. அதுக்காகத்தான் போட்டனான்," என்றார்.

சம்பந்தி என் கண்ணைக் குனிந்து பார்த்தார், நான் மீனைப் பார்ப்பதுபோல. நான் சோற்றை முடிக்காமல் எழும்பினேன். அன்று பின்னேரமே நான்காம் கடிதம் எழுதப்பட்டது. அதில் ஒரு பந்தியை அப்படியே தருகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது:

'மேற்படி வாகனத்தின் முன்விளக்குகள் என் அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளன. இவற்றின் வெளிச்சம் எதிரே வருபவரின் பார்வையை முற்றாக மறைக்கக்கூடியது. இதனால் விபத்து நேர்ந்தால் பதிவு உரிமையாளர் என்ற முறையில் நானும் பொறுப்பாளி என்பதை நான் நன்கு அறிவேன். எனவே ஏழு நாட்களுக்குள் பழைய விளக்குகளை மீளப் பூட்டுமாறு வேண்டுகிறேன்.'

'நன்கு அறிவேன்' என்று எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. கடிதத்துக்குப் பாரம் வரட்டும் என்று சேர்த்தேன். கையெழுத்திட்டு, திகதி போட்டு, பிரதியைக் கோப்பில் கட்டினேன்.

அடுத்த நாள் படலையில் நானா அந்த லைற்றைப் பார்த்தார். மருமகன் கடைக்கு வெளிக்கிடும் நேரம். பகலிலேயே போட்டுக் காட்டினார். நானா கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சொன்னார்: "கடல்ல லைற் அடிச்சு மீன் பிடிச்சா நேவி பிடிக்கும். நீங்க ரோட்டில அடிக்கிறீங்களோ சேர்?" எனக்குச் சிரிப்பு வந்தது. மருமகனுக்கு எதிரான பகிடி என்பதால் அன்றைக்கு மட்டும் செவுளைத் தூக்கவில்லை.

ஏழு நாள் முடிந்தது. லைற் மாறவில்லை. ஒன்பதாம் நாள் நறுவிலிக்குளத்தில் ஒரு முப்பத்தோராம் நாள் திருப்பலி. செத்தவர் என்னோடு காணிப் பிரிவில் இருந்தவர். தான் கூட்டிக்கொண்டு போவதாக மருமகன் சொன்னார். வேண்டாம், நாலு மணிக்குள் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு போனேன். நாலு மணிக்குத் திரும்பியிருக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கந்தோர்க்காரர் ஐந்தாறு பேர் கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். ஒருவர், லீவு பற்றிய ஒரு சுற்றுநிருபம் எந்த அரசாங்க அதிபரின் காலத்தில் வந்தது என்பதைப் பிழையாகச் சொன்னார். பிழையான தகவலோடு ஒரு மனிதனை விட்டுவிட்டு நான் எழும்பி வந்ததில்லை. அந்த வாதத்தில் நான் வென்றபோது ஆறு மணி தாண்டிவிட்டது.

திரும்பும் வழியில் பொழுது பட்டது. லைற்றைப் போட்டேன்.

இதை மறைப்பதில் பயனில்லை: அந்த வெளிச்சம் எனக்குப் பிடித்தது. இரண்டு வருடமாகப் புகைக்குள் கிடந்த வீதி முழுவதும் ஒரே அடியில் வெளியே வந்தது. ஓரத்து உடைமரங்களின் முள்ளு தெரிந்தது. தூரத்தில் நின்ற மாடு, மாடாகவே தெரிந்தது. முப்பது வயதில் அரச ஜீப் ஓட்டிய கண் எனக்குத் திரும்பி வந்தது. மருமகன் கொடுத்தது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

பாலத்துக்கு வருமுன், இரண்டு பக்கமும் சேற்று நிலம் உள்ள ஒரு வளைவு. எதிரே ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் வந்தது.

"இஞ்சருங்கோ, லைற்றைக் குறையுங்கோ," என்றாள் மனைவி.

குறைக்க வேண்டும் என்பது சட்டம். எந்தத் தூரத்தில் குறைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் குறைத்தால் அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு கணம் ஒன்றும் தெரியாது என்று பயந்தேன். குறைக்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் ஒருமுறை ஆடியது, பிறகு வீதியில் இல்லை.

காரை நிறுத்தினேன். ஓரமாக எடுத்து, கைப்பிறேக் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டேன். என் லைற் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதில் சேறு முழுக்க ஐஸ் கட்டிகள் சிதறிக் கிடந்து மின்னின. அதற்கு நடுவில் மோட்டார் சைக்கிளும், அதன் கீழ் கால் அகப்பட்டபடி நானாவும்.

அவர் என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"எரியிற லைற்றை நூருங்கோ சேர்," என்றார்.

அவருக்கு நான் யார் என்று தெரிந்திருந்தது. அந்த லைற் ஊரில் ஒன்றுதான்.

அம்புலன்ஸ் வந்து அவரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கணுக்கால் முறிவு. பொலிஸ் வந்தது. கார் அதன் பக்கத்தில் ஒழுங்காக நிற்கிறது, ஒரு கீறல்கூட இல்லை, ஓட்டியவர் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர், பக்கத்தில் செபமாலையோடு ஒரு மனைவி. மற்றவர் சேற்றில் கிடந்த மீன்காரர். இதில் யார் கண்மூடித்தனமாக ஓடினார் என்று முடிவெடுக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. விடியக் காரைப் பொலிஸுக்குக் கொண்டுவாருங்கள், வாகனப் பரிசோதகர் பார்ப்பார் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

விடியக்காலை நான் முகம் கழுவ வந்தபோது மருமகன் காரின் முன்னால் குந்தியிருந்தார். கையில் எண்ணெய். வெள்ளை லைற் இரண்டும் சாக்கின் மேல் கிடந்தன; பழைய லைற் பூட்டியாயிற்று. நான் நான்கு கடிதம் எழுதி நடக்காத வேலையை அவர் அரை மணித்தியாலத்தில் முடித்திருந்தார்.

"மாமா, நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை," என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பரிசோதகர் பழைய மங்கல் லைற்றைப் போட்டுப் பார்த்தார், ஒழுங்காக இருக்கிறது என்று எழுதினார். பொலிஸ் என் வாக்குமூலத்தை எழுதியது. எத்தனை மணி, எந்தப் பக்கம், என்ன வேகம் என்று கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது எப்படி என்பதை முப்பத்தாறு வருடம் பழகியவன் நான். லைற்றை மாற்றினீர்களா என்று யாரும் கேட்கவில்லை. வாசித்துக் காட்டினார்கள், சரி என்று கையெழுத்திட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நானா தன் வாக்குமூலத்தில் வெள்ளை லைற் கண்ணில் அடித்ததென்று சொன்னார். பரிசோதகரின் அறிக்கை அதற்கு நேர்மாறாக இருந்தது. ஆகவே அவர் கவனயீனமாக ஓடியவர் என்பதோடு பொய்யும் சொன்னவர் ஆனார். அவர் மீது வழக்கு எழுதினார்கள். முன்பும் ஒருமுறை வேகமாக ஓடிப் பிடிபட்டவர். இந்தமுறை குற்றவாளி என்று தீர்த்தால் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோகும். அது இல்லாவிட்டால் முசலியில் இருந்து மன்னாருக்கு மீனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தா வருவது?

அந்தக் கிழமை முழுவதும் என் மனைவி என்னோடு ஒரே ஒரு வசனம்தான் பேசினாள். "நான் சொன்னனான், குறையுங்கோ எண்டு." காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மருந்துபோல. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வழக்கத்தை விட நெடுநேரம் இருந்துவிட்டு வந்தாள். அவளிடம் அவ்வளவு பாவம் இல்லை. என்னுடையதைத்தான் சொல்லியிருப்பாள்.

வழக்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது நானா ஓட்டோவில் வந்து இறங்கினார். காலில் மாக்கட்டு. கக்கத்தில் ஊன்றுகோல். மகள் கதிரை கொண்டுவந்து போட்டாள், இருக்கவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக மீன் பெட்டியோடு நிற்கும் அதே இடத்தில் நின்றார்.

"சேர், வாற புதன் வழக்கு," என்றார். "லைசன்ஸ் போனா என்ர தொழிலும் போச்சு. அது உங்களுக்கும் தெரியும். நான் அதுக்கு வரேல்லை. நான் பொய் சொன்னனான் எண்டு எழுதியிருக்கு. நான் பொய் சொன்னனானோ?"

"பொலிஸ் என்னிடம் லைற்றைப் பற்றிக் கேட்கவில்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. கச்சேரிக் கவுண்டரில், காணிக்காக ஐந்தாம் முறை வந்து நிற்பவரிடம் சொல்லும் குரல்.

"கேக்காட்டிச் சொல்லமாட்டீங்களோ?" என்றார் அவர். "ஒரு விளைமீனுக்கு நாலு தரம் செவுளைத் தூக்கிப் பாக்கிற ஆள்."

ஓட்டோவில் ஏற அவருக்கு நேரம் எடுத்தது. என் மகள் போய்ப் பிடித்துவிட்டாள். நான் போகவில்லை.

மருமகன் கடையில் இருந்து வந்ததும் எல்லாவற்றையும் அறிந்து விறாந்தைக்கு வந்தார். கவலைப்படவேண்டாம் என்றார். நானாவுக்கு வேண்டிய உதவியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், கால் சுகமானதும் கடையில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார். இப்போது வாயைத் திறந்தால், கண் தெரியாமல் பொழுதுபடக் கார் ஓடினார் என்று என்னைத்தான் பிடிப்பார்கள் என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் நான்கு கடிதத்தில் கண்டித்த மனிதன் என்னைக் காப்பாற்றுவதைப் போல ஒரு அவமானத்தை அந்த வயதுவரை நான் அனுபவித்ததில்லை.

"பேசாமல் இருங்கோ மாமா. அந்த லைற்றைப் பற்றி எழுத்தில ஒண்டும் இல்லை," என்றார்.

"இருக்கிறது," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் உள்ளே போய், மேசை லாச்சியைத் திறந்து, கோப்பை எடுத்துவந்து நான்காம் கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். அவர் அதை முதல்தடவையாக வாசித்தார். மூலத்தை எதைச் சுத்துவதற்குப் பாவித்தாரோ தெரியாது. 'நன்கு அறிவேன்' என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு நீங்களே வெட்டின குழி மாமா. கிழிச்சு எறியுங்கோ."

"பிரதியைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை."

"உங்கட பழக்கத்தால குடும்பம் கோட்டுக்குப் போகப்போகுது."

"நீர் முதலாம் கடிதத்துக்குப் பதில் போட்டிருந்தால் நான்காம் கடிதம் வந்திராது."

அதற்குப் பிறகு இருவரும் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டிருப்பார்கள், அவர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம். மகள் அழுதாள். மனைவி அந்த ஒரே வசனத்தை இந்தமுறை மருமகனுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தே பொலிஸுக்குப் போனேன். மேசையில் இருந்தது தமிழ் தெரிந்த ஒரு இளம் கான்ஸ்ரபிள். மேலதிக வாக்குமூலம் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னேன். கடிதப் பிரதியை அவர் முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டு அவர் குழம்பினார்.

"ஐயா, நீங்கள் உங்களுக்கு எதிரா நீங்களே முறைப்பாடு குடுக்கிறீங்களோ?"

முறைப்பாடு வேறு, மேலதிக வாக்குமூலம் வேறு என்று விளக்கினேன். அவர் எழும்பிப் போய்ப் பொறுப்பதிகாரியிடம் கேட்டார். உள்ளே இருந்து சிங்களத்தில் பதில் வந்தது. அதில் 'பிஸ்ஸு' என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பைத்தியம் என்று பொருள். அதையும் குறித்துக்கொண்டேன்.

எழுதத் தொடங்கினார்கள். அன்று காரில் வெள்ளை லைற் பூட்டியிருந்தது, எதிரே வாகனம் வந்தபோது நான் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை, பொழுதுபட்டபின் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார், மறுநாள் காலை பழைய விளக்குகள் மீளப் பூட்டப்பட்டன. இந்தக் கடைசி வசனத்தில் கான்ஸ்ரபிள் பேனையை நிறுத்தினார்.

"ஆர் பூட்டினது?"

சொல்லியிருக்கலாம். நான்கு கடிதத்துக்கும் பதில் அந்த ஒரு பெயரில் கிடைத்திருக்கும். கடைக்குப் பொலிஸ் போயிருக்கும், சம்பந்தி என் கண்ணைப் பார்த்த பார்வைக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும். மகளின் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். உண்மை அதுவல்ல. அவர் பெயரைச் சொன்னால், அவரைப் பிடித்துக் கொடுத்துத் தப்பப் பார்த்தேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லலாம். அவருக்கு அந்த வசதியைச் செய்துகொடுக்க நான் ஆயத்தமாக இல்லை.

"கார் என் பெயரில் இருக்கிறது. காருக்கு நடந்தது எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு," என்றேன். "அப்படியே எழுதும்."

எழுதினார். வாசித்துக் காட்டினார். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன்.

புதன்கிழமை நானாவின் வழக்கைப் பொலிஸ் வாபஸ் வாங்கியது. அவர் சொன்னது பொய் என்று எழுதியிருந்ததும் அதோடு போயிற்று. அடுத்த மாதம் அதே கோட்டில், அதே கூட்டில் நான் நின்றேன். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதம் விதித்தார்கள். கண் டொக்டர் தகுதியென்று எழுதித் தரும்வரை சாரதி அனுமதிப்பத்திரம் கோட்டிலேயே இருக்கட்டும் என்றார் நீதவான். டொக்டர் அப்படி எழுதமாட்டார் என்பது எனக்கும் தெரியும், நீதவானுக்கும் தெரியும். முறைப்படி அது தடையல்ல, கிடப்பில் போடுவது. எத்தனையோ பேரின் விண்ணப்பத்தை நான் அப்படிப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் கடிதத்தை எழுதினேன். பொருள்: வாகனத்தின் திறப்பைக் கையளித்தல். திறப்பையும் பதிவுப் புத்தகத்தின் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டேன். மருமகன் முதல்தடவையாகப் பதில் எழுதினார். கடை பில் புத்தகத்தில் இருந்து கிழித்த துண்டில், 'கிடைத்தது' என்று. அதையும் கோப்பில் கட்டினேன். இப்போது ஞாயிறு பூசைக்கு அவர் ஓட்ட, நான் சிறுத்தைப் புள்ளிச் சீற்றில் பின்னால் இருந்து போகிறேன். இருவரும் பேசுவதில்லை. கழுதைகளுக்காக அவர் ஹோர்ன் அடித்தால் மட்டும் நான் தொண்டையைச் செருமுவேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நானா காலைச் சற்று இழுத்து இழுத்து இறங்கினார். புது ரெஜிபோம் பெட்டி. நான் வெளியே வந்தேன். நன்றி சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ எங்கள் இருவரிடமும் படிவம் இருக்கவில்லை. அவர் ஒரு பாரை மீனை எடுத்து நீட்டினார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

"இது நேற்றைய மீன்," என்றேன்.

"வடிவாப் பாருங்கோ சேர்," என்றார் அவர். "வேணுமெண்டா மருமகனைக் கூப்பிட்டு லைற் அடிக்கச் சொல்லுங்கோ."

மீனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேறு ஒன்றை எடுத்தார்.